ஒதுங்கி நின்ற வளைவு

அருவங்காட்டைத் தாண்டியதும் டயர் பஞ்சராகி எங்கள் பேருந்து நிற்கிறது. வளைவில் ஒரு டீக்கடை. சாலை குறுகலாக இருந்தவரை, ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகள் ஏறிவரும் வண்டிகளுக்கு வழிவிட்டு இங்கேதான் ஒதுங்கி நிற்குமாம். அந்தக் காத்திருப்பில் பிழைத்த கடை. இப்போது சாலை அகலம், எதுவும் நிற்பதில்லை.

"அகலப்படுத்தும்போது நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்கிறேன்.

கடைக்கார அம்மா டீயை ஆற்றியபடி சிரிக்கிறார். "ஏனுங்க, அகலம் பண்ணச் சொல்லி மறியல்ல உக்காந்ததே நாங்கதானுங்க! இங்க பஸ்ஸு நின்னு நின்னு எங்க ஊட்டுக்காரரு தெனமும் ஃபேக்டரிக்கு லேட்டுங்க."

கீழே ஹாரன் கேட்கிறது. பேச்சை நிறுத்தாமலே அவர் கை நாலைந்து கிளாஸ்களை நிமிர்த்தி வைக்கிறது. பேருந்து வேகம் குறையாமல் ஏறிப் போகிறது. எதிரே இறங்கி வந்த வண்டியும் அப்படியே.

கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறார்.