ரெஜினாவின் பக்கத்து நாற்காலி

மற்ற வேலைகளில் ஆள் போனால் இடம் காலியாகிவிடும்; பாடகர் குழுவில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் பாடகர் குழு நடத்துகிறேன். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. நீங்களும் எங்காவது நின்று கையை ஆட்டி, சுருதி இறங்கும்போது பல்லைக் கடிக்கிறவர் என்றால் நான் சொல்வதை நம்புவீர்கள். மற்றவர்கள் நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன!

மூச்சு மாற்றுவது

நீளமான சுரத்தை ஒரே மூச்சில் யாராலும் இழுக்க முடியாது. அதனால் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பேசி வைத்துக்கொள்வார்கள். இவள் மூச்சு எடுக்கும்போது அவள் பாடுவாள், அவள் எடுக்கும்போது இவள். கேட்கிறவர்களுக்குக் குரல் அறுபடாது.

எங்கள் ஆல்டோவில், அதாவது பெண்களின் கீழ்க்குரலில், இரண்டே பேர். மார்சிலிங்கில் இருக்கும் ரெஜினா, அவளுடைய சிநேகிதி ஃபிலோ. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. தேக்கா சந்தையில் ஒரே தட்டில் அப்பம் தின்றுவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் பயிற்சிக்கு வந்து நிற்பார்கள், நான் கத்துவேன். ரெஜினா பயந்தாங்கொள்ளி. சுரம் பாதியில் போகும்போதே முழிக்க ஆரம்பித்துவிடுவாள். ஃபிலோ அவள் தொடையில் தட்டிச் சொல்வாள்: "நீ தைரியமா மூச்சு எடு லா. நான் பிடிச்சுக்கிறேன்."

சுவா சூ காங்கில்

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த ஃபிலோ எழுந்திருக்கவே இல்லை. சுவா சூ காங் கல்லறையில், குழிக்குப் பக்கத்தில் நின்று பாடினோம். நானும் அழுதுகொண்டேதான் கையை ஆட்டினேன். ஆல்டோவுக்கு ரெஜினா மட்டும். நீளச் சுரம் வந்தது. பழக்கதோஷம், வழக்கமான இடத்தில் பாட்டை நிறுத்தி மூச்சு இழுத்தாள். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கீழ்க்குரல் நிற்கவில்லை.

காற்றாக இருக்கும், மேலே போகிற விமானமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அருள் என்று ஒருவர், துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை, அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்களோடு பாட வந்திருந்தார். ஃபிலோவை அவர் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் கேட்டார்: "ரெஜினா அக்கா பக்கத்துல பாடினது யாரு, அக்கா? நல்ல குரலு."

ஏர்கானை அணைத்தேன்

பயிற்சியிலும் அதே கதை. ரெஜினா மூச்சு எடுப்பாள், குரல் தொடரும். ஏர்கான் சத்தமோ என்று அதை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் தொடர்ந்தது. கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். பதிவில் அந்த இடம் வெறும் பொத்தல். ரெஜினாவுக்கோ குளிர் விட்டுப்போய்விட்டது. நினைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி மூச்சு எடுக்க ஆரம்பித்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கியது. அன்றைக்கு எங்கள் கோயிலில் கீபோர்டைத் தொட மாட்டோம், வெறும் குரல்தான். கீழ்க்குரல் அறுந்தால் எல்லாரும் சேர்ந்து விழுவோம். இல்லாத ஆளை நம்பி நான் கையை ஆட்டுவதா? ஊரிலிருந்து புதிதாக வந்த ஷாலினி என்ற நர்ஸுக்கு நல்ல ஆல்டோ. அவளை ஃபிலோவின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ரெஜினா குறுக்கே கையை வைத்து மறித்தாள். "இவ உக்காந்தா ஃபிலோ எங்கக்கா உக்காருவா? அப்படின்னா நானும் வரல."

ஃபாதரின் அறையில்

எங்கள் ஃபாதர் மௌன செபக்காரர். கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, ஆண்டவர் முன்னால் சும்மா இருப்பது. ரெஜினாவுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று கூட்டிப் போனேன். அவரோ எங்களையும் மௌன செபத்தில் உட்கார வைத்துவிட்டார். பட்டப்பகல், ஜன்னலில் வெயில். ஃபாதரின் மூச்சு கேட்டது, ரெஜினாவின் மூச்சு கேட்டது, என்னுடையது கேட்டது. அப்புறம் இன்னொன்று. மாடிப்படி ஏறி வந்தவளுடையது போல இளைக்கிற மூச்சு.

கண்ணைத் திறந்தால் ரெஜினா அழுதுகொண்டிருந்தாள். "அவளுக்கு மூச்சு வாங்குதுக்கா. நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருந்தேன். அவ போனதுக்கப்புறம் அவளுக்காக நான் ஒரு தடவைகூடப் பிடிக்கலையே."

பெரிய வெள்ளி

ரெஜினா தன்னுடைய மறுபக்கத்தில் ஷாலினியை உட்கார வைத்துக்கொண்டாள். நீளச் சுரம் வந்தது. வழக்கமாக மூச்சு எடுக்கும் இடம் வந்தது. எடுக்கவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இழுத்துக்கொண்டே போனாள். ஐயோ, விழுந்துவிடப் போகிறாளே என்று அவளையே பார்த்துக்கொண்டு கையை ஆட்டினேன். அப்போது அந்தக் காலி நாற்காலிப் பக்கமிருந்து ஒரு மூச்சு கேட்டது. தூக்கி வந்த மூட்டையை இறக்கி வைத்தவர்கள் விடுவார்களே, அப்படி ஒரு மூச்சு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ரெஜினா ஷாலினியின் கையை அழுத்தினாள், ஷாலினி சுரத்தை வாங்கிக்கொண்டாள். குரல் அறுபடவில்லை.

ஈஸ்டர் அன்றைக்கு ரெஜினாவே ஃபிலோவின் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து ஷாலினியைக் கூப்பிட்டாள். அவள் உட்காரத் தயங்கினாள். ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தொடையில் தட்டினாள். "நீ தைரியமா மூச்சு எடு, பாப்பா. நான் பிடிச்சுக்கிறேன்."

இப்போது எங்கள் கீழ்க்குரலில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் பயிற்சிக்கு நாற்காலி போடும்போது நான் ஒன்று கூடுதலாகத்தான் போடுகிறேன், கேட்கிறவர்களிடம் கைப்பை வைக்க என்று சொல்லிவிடுகிறேன்.