தலைப்பிரசவத்துக்கு நாலு விமானம்

விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் என் மகளை எடை போட்டார்கள். பெட்டியை மட்டும் அல்ல, அவளையும். தார் போடாத ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு கொட்டகை, அதற்குள் நம் ஊர் அரிசி மண்டியில் இருப்பது போன்ற ஒரு தராசு. ஏழு மாத வயிற்றோடு அதன் மேல் ஏறி நின்றாள். அடுத்து அவள் கணவர் நின்றார். முந்தின நாள் மழையில் பாதை ஊறிக் கிடந்ததால் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேரில் ஒருவர்தான் போகலாம்.

இதெல்லாம் அவள் அனுப்பிய குரல்பதிவில்தான் எனக்குத் தெரிந்தது. "அம்மா, அவங்க வரலம்மா. வெயிட்டு கூடிப்போச்சாம். நான் மட்டும் வாரேன். பயப்படாத, என்னா? ஏறிட்டேன்." பின்னால் விமான விசிறிகளின் இரைச்சல். அவ்வளவுதான். அங்கே மதியம் சாய்ந்திருந்தது. இங்கே மதுரை வில்லாபுரத்தில் காலை. நான் அப்போதுதான் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தேன்.

மருமகன் சூரிய மின்சாரப் பொறியாளர். பசிபிக் கடலின் நடுவே ஒரு குட்டித் தீவில் மின்தகடுகள் பொருத்தும் ஒப்பந்த வேலை. கைபேசி வரைபடத்தை விரித்துக்கொண்டே போனால் வெகுநேரம் வெறும் நீலமாக இருக்கும். இன்னும் விரித்தால் நகத்துண்டு மாதிரி ஒன்று தெரியும். அங்கேதான் என் மகள் குடித்தனம் நடத்தினாள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் ஒருவரும் எதையும் விவாதிக்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில். நான் சமூக அறிவியல் ஆசிரியை, பத்தாம் வகுப்புக்கு உலக வரைபடம் நடத்துகிறவள். ஆனாலும் அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டி. கல்லுப்பட்டியிலிருந்து சம்பந்தியம்மா சொன்னார்: "ஏழாம் மாசம் எங்க வீட்ல வளையல் போட்டுருவோம் மதினி. அதுக்கு அங்கிட்டு நீங்க கூட்டிட்டுப் போங்க." சரி என்றேன். ஆக, ஏழாம் மாதம் கிளம்ப வேண்டும். எப்படிக் கிளம்புவது?

டவுன்ஹால் ரோட்டில் டிக்கெட் போட்டுத் தரும் பையன் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். தீவின் பெயரை நான் சொன்னதும் நிமிர்ந்தான்.

"டீச்சர், ஒருக்கா எழுதிக் குடுங்க. இப்படி ஒரு ஊரு இருக்கா, இல்ல என்னைய வச்சு வெளையாடுறீங்களா?"

ஆஸ்திரேலியா வழியாக ஒன்று காட்டினான். அங்கே ராத்திரி தங்க வேண்டும், அதற்குத் தனி விசா. ஹவாய் வழியாக ஒன்று. அதற்கு அமெரிக்க விசா. கடைசியில் நின்றது ஒரே வழிதான். தீவிலிருந்து சின்ன விமானத்தில் அந்த நாட்டின் தலைநகர் இருக்கும் தலைத்தீவு. அங்கிருந்து பிஜி. பிஜியிலிருந்து சிங்கப்பூர். சிங்கப்பூரிலிருந்து மதுரை. நாலு விமானம். கடைசி மூன்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முதல் விமானம் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும், மழை பெய்தால் அதுவும் வராது.

"அதுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது டீச்சர். நடுவுல ரெண்டு நாள் கேப் விட்டுப் போட்டுருவோம்" என்றான் பையன். புத்திசாலி.

அதற்குப் பிறகு வாரா வாரம் அந்தச் சின்ன விமானத்தைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கினேன். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. தலைத்தீவிலிருந்து கிளம்பும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் மறைந்துவிடும். அந்தக் கடலில் அதைப் பிடித்துக் காட்டும் கருவிகள் இல்லையாம். திரும்பி வரும்போது தலைத்தீவை நெருங்கியதும் மறுபடி தோன்றும். அது தோன்றுகிற வரை நான் எந்த வேலையும் செய்ய மாட்டேன்.

இரும்புக்கடைக்குக் கிளம்பும் என் கணவர் கேலி செய்வார். "ஏம்மா, நீ பாக்காட்டா அது விழுந்துருமா?"

அன்று நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். இட்லி வெந்தது. அவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். பள்ளிக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். மஞ்சள் விமானம் தோன்ற வேண்டிய நேரம் வந்தது. தோன்றவில்லை. செயலியை மூடித் திறந்தேன். கைபேசியையே அணைத்துப் போட்டேன். நீலம் அப்படியே இருந்தது. மருமகனைக் கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை.

அப்போது சம்பந்தியம்மா அழைத்தார்.

"மதினி, வளையக்கடைலதான் நிக்கிறேன். பச்சையும் செவப்புமா எடுத்துட்டேன். எம்புட்டு டஜன் போதும்? கொட்டாம்பட்டிச் சனம் வேற வண்டி புடிச்சு வருது."

"கூடவே எடுங்க மதினி."

"பிள்ள கெளம்பிட்டாள்ல?"

"கெளம்பிட்டா."

"இப்ப எங்க வந்துக்கிட்டு இருக்கா?"

திரையைப் பார்த்தேன். "கடலுக்கு மேல" என்றேன். அது பொய் என்று சொல்ல முடியாது. கடலுக்கு மேல் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணி ஆனது. மொட்டை மாடியில் போட்ட துணி சுட்டது. வெயிலில் கண் கூசியது. அந்த வெயிலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அங்கே இப்போது இருட்டிவிட்டது. அந்தத் தீவுகளின் ஓடுபாதைகளில் விளக்குக் கிடையாது என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தார். இருட்டிய பிறகு எங்கேயும் இறங்க முடியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேல் தாழ்வாக ஒரு விமானம், சக்கரங்களை நீட்டிக்கொண்டு, அவனியாபுரம் பக்கம் இறங்கப் போனது. அதற்குள் இருந்தவர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

கணவர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. மாடிக்கு ஏறி வந்து என் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார். "பிளேன் தெரிஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மருமகனின் அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. "அத்தை, ரேடியோல சொல்லிட்டாங்க. வழியில மழையாம், நடுவுல ஒரு தீவுல எறக்கிட்டாங்க. எல்லாரும் நல்லா இருக்காங்களாம்."

"அவ பேசுனாளா?"

"அங்க டவர் இல்ல அத்தை."

"அப்ப அவ நல்லா இருக்கான்னு யாரு பாத்துச் சொன்னா?"

அவருக்கும் தெரியாது. பாவம், அவரும் ஒரு தீவில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். தலைத்தீவின் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசினாள். முகம் வீங்கியிருந்தது. கைபேசியைக் காலுக்கு நேராகத் திருப்பச் சொன்னேன். கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதாம்.

"அம்மா, கோவிச்சுக்காத. இனிமே பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாங்க. இங்கனதான் பெத்துக்கணுமாம்."

முந்தின இரவைப் பற்றிச் சொன்னாள். அந்த நடுத்தீவில் சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்களாம். "கால் கடுத்துச்சும்மா. ஒரு பொம்பள என் காலைத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டு விடிய விடிய ஒக்காந்திருந்துச்சு. அது பேசுனது எனக்கு ஒண்ணும் புரியல. நான் பாட்டுக்குத் தமிழ்ல பேசிக்கிட்டே கெடந்தேன்."

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை எனக்கு. அது என் மடியாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எடுத்துவைத்து, போகாமலே கிடந்த பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். பையன் விளையாட்டாகப் பேசவில்லை. "அதே ரூட்டு தான் டீச்சர். திருப்பிப் போட்டாச் சரி. தலைத்தீவு வரைக்கும்னா உங்களுக்கு மூணு பிளேன்தான்." சம்பந்தியம்மா வளையல்களைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "அங்கனயே போட்டு விட்ருங்க மதினி" என்றவர், திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

நாளைக்குக் கிளம்புகிறேன். நான் இதுவரை விமானம் ஏறியதில்லை. போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு வலி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே கேள்வியோடுதான் பெட்டியை அடுக்கினேன். பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், கணவர் கைபேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அந்தச் செயலியை அவரும் இறக்கியிருந்தார்.

"நீ போற பிளேனும் மறையுமா?"

"பிஜிக்கு அங்கிட்டுப் போனா மறையும்."

"எந்த எடத்துல?"

விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த நீலத்தை விரித்தார். இன்னும் விரித்தார்.

"எம்புட்டு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான்" என்றேன்.