மணிக்கட்டில் கட்டிய கயிறு

மலாயாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த என் சித்தப்பா, படம் பிடிக்கும் கமரா ஒன்றும் கொண்டுவந்திருந்தார். புத்தூரில் எங்கள் தோட்டத்தில் அவர் எடுத்த சின்னப் படத்தில் ஒரு முனிவர் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்ப வேண்டும். குழிக்குள் இறங்கச் சொந்தக்காரர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. எங்கள் தோட்டத்தைக் கொத்துகிறவருக்குத் தாடி ஒட்டினோம். அப்போது அவரை எல்லோரும் ‘அவன்’ என்றுதான் சொல்வோம். நானும். அவருடைய சாதியார் எங்கள் வீட்டுப் பெண்களை ‘நாச்சியார்’ என்பார்கள்; எங்கள்மேல் அவர்கள் கை படவும் கூடாது.

தாதிப் பயிற்சி முடித்து விடுமுறையில் வந்திருந்த எனக்குப் பாதுகாப்புப் பொறுப்பு. கொப்பியில் எழுதினேன்: இடுப்பளவு குழி, குந்தியிருக்க இடம். மேலே சாக்கு. அதன்மேல் நாலு விரல் செம்மண், கல்லில்லாமல் அரித்தது. வாயில் வைத்து மூச்சுவிடப் பப்பாசி இலைக்காம்புக் குழல். வெளியே அதன் நுனியில் ஒரு பஞ்சிழை, மூச்சு தெரிவதற்கு. கடைசியாகக் கயிறு: ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் மணிக்கட்டில். கண் தவறினாலும் கை உணரும் என்று நினைத்தேன்.

“மூச்சு முட்டினால் ஒருக்கா இழு. உடனை எடுத்துப்போடுவம்” என்றேன்.

“ஓம், நாச்சியார்.”

“நான் கூப்பிடுமட்டும் எழும்பாதை, படம் பழுதாப்போம்” என்றார் சித்தப்பா.

மூடினோம். அந்நேரம் பார்த்து ஒரு முகில் வெயிலை மறைத்தது.

“உது இப்ப போயிடும், பொறு பிள்ளை” என்றார் சித்தப்பா என்னிடம்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு நிமிடம். மூன்று. கயிறு அசையவில்லை. என் ஏற்பாட்டில் எனக்கே ஒரு பெருமை.

வேலிக்கு அப்பால் நின்ற அவருடைய மனைவிதான் கத்தினார். “ஐயோ நாச்சியார், பஞ்சு ஆடேல்லை! அந்தாளை எடுங்கோ!”

சாக்கை இழுத்தெறிந்தோம். பச்சைக் குழல் பாரத்தில் மடிந்து நசிந்து கிடந்தது. அவர் இருமி இருமி மூச்சை எடுத்தார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். அந்த நிலையிலும் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“ஏனடா கயித்தை இழுக்கேல்லை?” என்றார் சித்தப்பா.

“நாச்சியாரின்ரை கையிலையெல்லோ கட்டிக்கிடக்கு. நான் எப்பிடி இழுக்கிறது?”

“சாகப் போற நேரத்திலை இவரின்ரை மரியாதையைப் பார்!” சித்தப்பா சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

நாலு விரல் மண். எழும்பி நின்றிருந்தாலே போதும். எழும்பாதே என்று சொல்லியிருந்தோம், அவர் எழும்பவில்லை.

வெயில் திரும்பியதும் இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றார் சித்தப்பா. ‘ஒருவரையும் கேளாமல் எழும்பு, என் கையை இழு’ என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம். நான் கொப்பியைத் திறந்தேன். ‘பப்பாசி’ என்ற சொல்லை வெட்டிவிட்டு ‘மூங்கில்’ என்று எழுதினேன். கயிற்றை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து வேலிக் கதியாலில் கட்டி, அதில் ஒரு மாட்டுமணியைத் தொங்கவிட்டேன். கடைசி வரியாகச் சேர்த்தேன்: ‘கயிற்றை ஆளில் கட்டக் கூடாது.’

அவர் மறுபடி குழிக்குள் இறங்கினார். மூடுமுன் கயிற்றை இழுத்துப் பார்த்தார். தயக்கமே இல்லை, மணி பலமாக அடித்தது. வேலிக்கு அப்பால் அவர் மனைவி பஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.