சேமிக்க இருபத்திரண்டு விநாடிகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாத அறுவடை நேரத்தில், போடிநாயக்கனூரில் நடந்தது இது. அங்குள்ள ஓர் ஏலக்காய் ஏல நிறுவனத்தின் சர்வரைப் பராமரிப்பது என் பொறுப்பு. தேனியிலிருந்து மாதம் இருமுறை போய் வருவேன். என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன் என்பதை அன்றன்றே டைரியில் எழுதிவிடுவேன்.

மலையிலிருந்து ஜீப்புகளில் வரும் மூட்டைகளை எடை போட்டு, மாதிரி எடுத்து, கணினியில் பதிந்தால்தான் மறுநாள் ஏலத்தில் சேர்க்க முடியும். பதிவு காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்கு முடிந்துவிடும். அந்த மாதம் மட்டும் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பழைய ஊழியர் பிரசவ விடுப்பில் போயிருந்ததால், சிலமலையிலிருந்து ஒரு பெண் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். மேலாளரின் சந்தேகமெல்லாம் அவர் மேல்தான்.

"கோளாறு சர்வர்லயா, ஆள்கிட்டயா? பாத்துச் சொல்லிருங்க" என்று என்னை அழைத்தார்.

நான் போனபோது பிற்பகல் மூன்று மணி. பத்துப் பதிவுகள் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குள் சேமிக்கப்பட்டது. 'சர்வரில் குறை இல்லை. தாமதம் பதிவு செய்பவரிடம்' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எனக்குத் துளியும் ஐயம் இல்லை. மறுநாள் மாலையோடு அந்தப் பெண்ணை நிறுத்திவிடுவதாக மேலாளர் அப்போதே சொல்லிவிட்டார்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தார்.

"மூணு மணிக்கு எனக்குந்தான் மேடம் நல்லா ஓடுது. காலையில லோடு வர்றப்ப ஒருக்கா என் சேர்ல ஒக்காந்து பாருங்க. சோலி போனா வேற தேடிக்கிறேன். மெத்தனமான ஆளுன்னு பேரெடுத்துட்டு எங்க போயி வேலை கேக்குறது?"

காலையில் நான் சோதிக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன்.

அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். முதல் மூட்டையின் விவரங்களை வேகமாகவே தட்டிவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். திரை அப்படியே நின்றது. கைக்கடிகாரத்தில் இருபத்திரண்டு விநாடிகள். அடுத்த மூட்டைக்குப் பத்தொன்பது. ஜன்னலில் நின்ற ஜீப் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"புது ஆளாக்கா? அந்தப் புள்ளயே தேவலை போலயே."

"விடுண்ணே, மேல போயி இன்னொரு லோடு ஏத்தியாந்துருவோம். அதுக்குள்ள அக்கா முடிச்சிரும்" என்றார் பின்னால் நின்றவர். வரிசை முழுதும் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

நாற்காலியை அவரிடம் விட்டுவிட்டுச் சர்வர் அறைக்குப் போனேன். எந்தப் பதிவையும் தகவல்தளம் முதலில் 'லாக்' என்ற குறிப்புக் கோப்பில் எழுதும். அந்தக் குறிப்பு 'ஹார்ட் டிஸ்க்' எனும் வட்டில் ஏறிய பிறகுதான் 'சேமித்தாயிற்று' என்று திரைக்குச் சொல்லும். அங்கே எல்லாப் பதிவுகளும் அந்த லாக்குக்காகவே காத்து நின்றன. வட்டு வேறொரு வேலையில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. முழுத் தகவலுக்கும் நகல் எடுக்கும் பேக்கப் வேலை, லாக் இருந்த அதே வட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அதை யார் காலையில் ஓடவிட்டது? டைரியைப் புரட்டினேன். மூன்று வாரங்களுக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது: 'இரவு மின்வெட்டால் பேக்கப் இருமுறை நின்றது. காலை எட்டு மணிக்கு மாற்றினேன்.' என் கையெழுத்து. அந்தப் பெண் வேலையில் சேர்ந்தது அதற்கு மறுநாள்.

பேக்கப்பை நிறுத்தி, பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றி, வேறு வட்டுக்குத் திருப்பிவிட்டேன். சற்று நேரத்தில் வெளியிலிருந்து, "ஏ, ஓடுதுப்பா. வெரசா மூட்டைய எறக்கு" என்ற குரல் கேட்டது.

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "அந்தப் புள்ள இருக்கட்டும். நேத்து நீங்க குடுத்த பேப்பரக் கிழிச்சுப் போட்டுறலாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பெருந்தன்மையாக.

வேண்டாம் என்றேன். அந்தத் தாளைப் பார்த்தவர்கள் அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர். அது கோப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அதன் மேல் வைக்க இன்னோர் அறிக்கை எழுதினேன். நேரத்தை மாற்றியது நான், மூன்று மணிக்குச் சோதித்துத் தவறான முடிவுக்கு வந்ததும் நான், பதிவு செய்தவரிடம் குறை எதுவும் இல்லை என்று விநாடிக் கணக்கோடு எழுதியதில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. முதலில் அந்தப் பெண்ணிடம்தான் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரிதான் மேடம். ஆனா இருபத்திரண்டு இன்னைக்குத்தான். செல நாளு முப்பதும் ஆகும். அதையும் போட்டுருங்க."

போட்டேன். பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன்.

இன்றும் ஒருவரைக் குறை சொல்லி ஒரு வரி எழுதப் போனால் என் கை சற்று நிற்கிறது. இத்தனை ஆண்டு வேலையில் நான் கற்றவற்றுள் அந்தத் தயக்கத்தைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.