கையைச் சேமித்து வைத்த பதினைந்து நாள்

என் வலக்கைக்கு நான் ஒருமுறை பதினைந்து நாள் விடுமுறை கொடுத்தேன். அத்தனை நாளும் அது ஜமீன்தார் மாதிரி சும்மா கிடந்தது. பிறகு அது எனக்குச் செய்ததை நினைத்தால் இப்போதும் விரல்கள் சுருங்குகின்றன.

பாகூர் ஏரியின் வாய்க்கால்களையும் வயல்களையும் காட்டும் பழைய படம் ஒன்றைச் செல் அரித்துவிட்டது. அதற்கு நகல் வேண்டும். புதுச்சேரி நில அளவை ஆபீசில் படம் நகலெடுக்கும் வேலையும் ஒன்று காலி. பள்ளியில் செர்த்திபிக்கா என்ற பிரெஞ்சுப் பரீட்சை தேறிய திமிரில் நான் போய்க் கேட்டேன். தலைமைப் படக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய படம் பதினைந்து நாளில் உன் கைக்கு வரும். வந்த பத்தாம் நாள் நகல் என் மேசையில் இருக்கணும். நல்லா இருந்தா வேலை."

ஒதியம்பட்டுக்குத் திரும்பியதும் அப்பா தம் பங்குக்குச் சொன்னார்: "கெடைக்கலன்னா கரும்பு வெட்ட எறங்கு. ரெண்டுல ஒண்ணு."

எனக்குப் படம் போட வரும். பிரான்சு தேசத்து ஆறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது என்பதுதான் தெரியாது. தொல்லை கையில் இருந்தது. தொடர்ந்து ஒரு மணி நேரம் வரைந்தால் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, கை நண்டுபோல இறுகிக்கொள்ளும். பரீட்சையில் நான் போட்ட ஆறுகளில் ஒன்று கடலுக்குப் போகாமல் பாதி வழியில் நின்றது அதனால்தான்.

ஆகவே யோசித்தேன். கச்சேரிக்கு முன் பாடகிகள் பேசாமல் தொண்டையைக் காப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். தொண்டைக்கு ஆகிறது கைக்கு ஆகாதா? படம் வரும்வரை வலக்கையால் ஒரு துரும்பையும் எடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். நல்லெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றி, கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டேன்.

அகப்பட்டவள் அக்கா.

"இன்னாடா, கை ஒடிஞ்சிதா?"

"இல்ல. சேத்து வெக்கிறேன்."

"கையையா? அது இன்னா நெல்லா, குதிர்ல கொட்டி வெக்க?"

சட்டைப் பொத்தான் போட்டதும், குளிக்கத் தண்ணீர் சேந்தியதும், தலை வாரிவிட்டதும் அவள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு உண்டு.

சாப்பாட்டுக்கு மட்டும் நானே வழி கண்டேன்: இடக்கையில் ஒரு தகரக் கரண்டி. வீட்டோடு இருந்தவரை சரி. கைத் தூளியை மேல்துண்டால் மறைத்துக்கொண்டு, அதே கரண்டியோடு வில்லியனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். எதிர் வரிசையில் இருந்த மாமா எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, கையெழுத்துப் போட்டுட்டியா? சொல்லவே இல்லியே!"

சாதி வழக்கத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்திட்டு, புதிதாக ஒரு குடும்பப் பேரும் வைத்துக்கொள்கிறவர்களை எங்கள் பக்கம் ரெனோன்சான் என்பார்கள். கரண்டியைக் கண்டதும் நானும் அப்படி ஆகிவிட்டதாக மாமா முடிவு கட்டிவிட்டார். பாயசம் வருவதற்குள் அது பந்தி முழுக்கப் பரவிவிட்டது. வாயில் சோறு, இல்லை என்று தலையை ஆட்டினேன். அதையும் பிரெஞ்சுப் பாணி என்றார்கள்.

படம் வந்தது. துணி அவிழ்த்தேன். பதினைந்து நாள் ஓய்ந்த கை, சீன மையில் முக்கிய பேனாவைப் பிடித்து, நகல் துணியில் முதல் வாய்க்காலில் இறங்கியது. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அரை மணியிலேயே கட்டைவிரல் மடங்கிவிட்டது! வாய்க்கால் பாம்புபோல நெளிந்து நின்றது. பேனாவை விடவும் முடியவில்லை, அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"ஏன்டா பேனா கழுத்த நெறிக்கிற? உட்டா ஓடிப்பூடுமா?"

என் கைக்குச் சுற்றியிருந்த வேட்டித் துணியிலேயே ஒரு கிழிசலை எடுத்துப் பேனாக் கட்டையில் சுற்றினாள். "பதினஞ்சு நாளு உன் கைக்கு நான் ஊழியம் செஞ்சேன். இனிமே அது எனக்குச் செய்யட்டும்" என்று சொல்லிப் போனாள்.

சொன்னபடியே செய்தாள். நான்கு வயல் வரைவதற்குள் ஒரு குரல் வரும். "டேய், மாட்டுக்கு வைக்கோல் போடு." திட்டிக்கொண்டே போய்ப் போட்டு வருவேன். இன்னும் நான்கு வயல். "டேய், தொட்டில தண்ணி இல்ல." இந்தப் பாவி என்னைக் கரும்பு வெட்டத்தான் அனுப்பப் போகிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

நான்காம் நாள் மாலைதான் உறைத்தது. அன்று முழுக்க வரைந்திருந்தேன், கை நண்டாகவில்லை. துணி சுற்றிய பேனா பருமனாக இருந்ததால் இறுக்கத் தோன்றவில்லை. இறுகுவதற்குள் அவள் குரல் வந்துவிடும். கிணற்றுக் கயிறும் வைக்கோலும் பிடித்து விரல்கள் விரிந்துவிடும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நெல்லும் குத்தச் சொல்வாள்.

பத்தாம் நாள் காலை நகலோடு புதுச்சேரி போனேன். தலைமைப் படக்காரர் எழுந்தே நின்றார். அவரும் ரெனோன்சான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வா, வா! நீயும் நம்ம ஆளாமே! வில்லியனூர்க் கல்யாணத்துக்குப் போனவர் சொன்னார். என்ன குடும்பப் பேர் வைத்துக்கொண்டாய்?"

ஒரு பேர் சொன்னால் போதும், நாற்காலி எனக்குத்தான் என்று அவர் முகமே சொன்னது. கண்ணுக்கு முன்னால் கரும்புத் தோட்டம் வேறு ஆடியது. மூன்று அழகான பேர்கள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் கையெழுத்திட்ட தாளைக் காட்டு என்றால்?

"இல்லை முசியே. கை வலிக்காமல் இருக்கத்தான் கரண்டி" என்று ஆரம்பித்துத் தூளி, நல்லெண்ணெய், வைக்கோல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் வாடியது. உட்கார்ந்து படத்தை விரித்தார். விரல் வாய்க்கால் வாய்க்காலாக ஓடி, நெளிந்த இடத்தில் நின்றது.

"இது?"

"விடுமுறை முடிந்த முதல் நாள், முசியே."

அவர் அந்த நெளிவை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அதை மட்டும் சுரண்டிவிட்டு இங்கேயே மறுபடி போடு. திங்கட்கிழமை வேலைக்கு வா. மறக்காமல் கையையும் கொண்டு வா."

பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"இன்னா, கெடைச்சுதா?"

"கெடைச்சுது!"

"அப்போ கயித்தப் புடி. தொட்டி காலியா கீது."