மெயினை இறக்கும் கை

மேற்கே மேகம் கறுத்தால் என் அம்மா கொடியில் காயும் துணியை அப்புறம்தான் எடுப்பாள். முதலில் மெயின் சுவிட்சை இறக்குவாள். பாகூர் பக்கத்தில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். எதிர்வீட்டு டிவி ஒருமுறை இடிக்குப் புகைந்து போனதிலிருந்து அவளிடம் பேசிப் பயனில்லை.

அந்த வீட்டின் நடு அறையில் உட்கார்ந்துதான் நான் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தேன். தனியாக இல்லை. ஒருவர் முகம் ஒருவர் பார்த்திராத பல பேர், பல நாடுகளில் இருந்து சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். நாங்கள் எழுதிய கம்ப்யூட்டர் மொழி, நினைவகத்தை முறைதவறித் தொட்டால் புரோகிராமை உருவாக்கவே மறுத்துவிடும் ஒரு கறாரான மொழி. அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. கோப்புகளை டிஸ்கில் எழுதி வைக்கும் பகுதி என் பொறுப்பு. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருடமாக அதைத்தான் செய்தேன். அம்மாவைப் பொறுத்தவரை நான் சும்மா இருந்தேன்.

ஒரு நாள் காலை. மறுநாள் புதிய பதிப்பு வெளியாக இருந்தது. என் பகுதி அதில் சேருமா என்பது முடிவாகவில்லை. என் வேலையைச் சரிபார்த்தவர், ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர், ஒரே கேள்வியில் நின்றார். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் என்ன ஆகும்? லேப்டாப்புக்குள் ஒரு பாவனைக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்திப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினேன். 'எந்த நொடியில் நிறுத்துவது என்று நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டு போவதைப் பற்றி பாகூர்காரிக்கே பாடமா?

வீம்புக்குப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் எங்கள் சிஸ்டத்தைப் போட்டு, விடாமல் கோப்புகளை எழுதும்படி காலையிலேயே ஓடவிட்டேன். நிஜ மெஷினில் நாள் முழுக்க ஓடியது என்று சொல்லி அவர் வாயை அடைக்கலாம் என்று கணக்கு. சாயங்காலம் இடி உருண்டது. நான் எழுந்திருப்பதற்குள் ஃபேன் நின்றது, திரை கறுத்தது.

"கேட்டுட்டு நிறுத்தக் கூடாதாம்மா?"

"இடி உன்னக் கேட்டுக்கினா வருது? வூடு பத்திக்கினா இன்னாடி பண்ணுவ?"

மழை விட்டதும் மெயினைப் போட்டாள். டெஸ்க்டாப் எழுந்தது, எல்லாம் நலம் என்றது. கடைசியாக எழுதி முடித்ததாகச் சொன்ன கோப்பைத் திறந்தேன். பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதற்கு முந்தையதும் அப்படியே.

நினைவகத்தில் ஒரு தப்பும் இல்லை, அதனால் மொழி தடுக்கவில்லை. உண்மையான டிஸ்க் எழுதாமலே எழுதிவிட்டேன் என்று சொல்லும், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருக்கும். நான் அதை நம்பி, உள்ளடக்கம் போய்ச் சேருமுன்பே பெயரைப் பதிந்திருந்தேன். யாரோ ஒருவருடைய வேலை இப்படிக் காலியாகும், சிஸ்டம் நலம் என்றே சொல்லும்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் குளிர்நாட்டுக்காரரின் செய்தி வந்தது. 'சரி, நிறுத்திப் பார்த்துவிட்டேன் என்கிறீர்கள், உங்களை நம்புகிறேன். சேர்த்துவிடலாம்.' நடந்தது எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கோ தான் என்ன செய்தோம் என்பதே தெரியாது. அழுகை வந்தது, மறைப்பானேன். 'சேர்க்காதீர்கள்' என்று எழுதி அனுப்பினேன். பதிப்பு நான் இல்லாமல் வெளியானது.

டிஸ்க் உண்மையாகவே எழுதி முடிக்கும்வரை காத்திருந்து பெயரைப் பதியும்படி எல்லாவற்றையும் மாற்றினேன். சோதிக்க வேண்டுமே. வானம் பளிச்சென்று இருந்தது. நானே சுவிட்சை இறக்கினால் பழைய கதைதான், நொடியைத் தேர்ந்தெடுப்பது நானாகிவிடும்.

"உனக்குத் தோணும்போது மெயின எறக்கும்மா. எங்கிட்ட சொல்லாத."

"வேல கெட்டுப் போவாதா?"

"கெடுதான்னு பாக்கத்தான்."

வருடக்கணக்காக என்னைக் கேட்காமல் இறக்கியவள், கேட்டுக்கொண்டதும் மாட்டேன் என்றாள். நடையில் இருக்கும் சுவிட்சுப் பெட்டி வரை போவாள், திரும்பி வந்துவிடுவாள். நான் டெஸ்க்டாப்பை மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு நாளும் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஏன் என்று கடைசியில் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தனே. கை வர்ல."

அவள் பார்த்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

ஒரு நாள் பட்டப்பகல், நல்ல வெயில். ஃபேன் நின்றது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"போச்சாடி?" நடையில் இருந்து குரல் வந்தது.

"போடும்மா, பாக்கலாம்."

டெஸ்க்டாப் எழும்வரை அம்மா வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடித்ததாகச் சொன்ன கடைசிக் கோப்பைத் திறந்தேன். முழுசாக இருந்தது. அதற்கு முந்தையதும்.

"இருக்குதும்மா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவள் திரையை நம்பவில்லை. "இரு, இன்னொரு தபா நிறுத்திப் பாக்கறேன்" என்று நடைக்குப் போனாள். இப்போது வேண்டாம், இன்னும் எதையும் எழுத ஓடவிடவில்லை என்று நான் சொல்வதற்குள் ஃபேன் நின்றது.