சாமியின் விரலளவு

செய்தி வந்தபோது நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் கிடையாது. பாறசாலைச் சந்தையில் சாளையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் எங்கள் ஆபீஸ் டிரைவர் ஷாஜியின் போன். "மேடம், கணபதி சார் மரிச்சு. காலத்த நெஞ்சுவேதன வந்து, ஆஸ்பத்திரி எத்தும் முன்னே போயாச்சு" என்றான். கையில் எடுத்த மீனை அப்படியே விட்டுவிட்டுத் தம்பானூர் பஸ்ஸில் ஏறினேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் யாரேனும் படித்தால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கோட்டை அக்ரஹாரத்தில் பிறந்தவர், ஒரு மீனைக்கூட நாக்கில் வைத்ததில்லை, ஆனால் மீன்வளத் துறையில் சேர்ந்து சாளைக்காக வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். மத்தி என்று வடக்கே சொல்வார்களே, அதுதான் எங்களுக்குச் சாளை. கடப்புறத்தில், மீனவர் கரையில், அவருக்குச் 'சாளை சாமி' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். நாளாக ஆகக் கேலி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆபீஸில் எங்களுக்கு எதிரெதிர் மேசை. அவருக்குத் தயிர் சாதம், எனக்கு மீன் குழம்பு. இடம் மாற்றித் தரட்டுமா என்று மேலதிகாரி அவரிடம் கேட்டபோது, "எதுக்கு? லீலா டப்பாவைத் தொறந்தாதான் கடல்ல என்ன கெடைக்கறதுன்னு எனக்குத் தெரியறது" என்றாராம். பொய் இல்லை. நான் மூடியை முழுதாகத் திறக்கும்முன்பே சொல்வார்: "இன்னைக்கும் நெத்திலிதானா? சாளையைக் காணோமே." சாளை கிடைக்காமல் போன அந்த வருஷங்களில் இதையே சொல்லிச் சொல்லி எனக்குச் சோறு இறங்காமல் செய்தார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "சார், தின்னாத மீனுக்கு இவ்வளவு விசாரமா?" என்று கேட்டுவிட்டேன். "தின்னாதவனுக்குத்தான் ஆசைப்படாம யோசிக்க முடியும் லீலா" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

கடப்புறத்துக்கு அவர் வந்த புதிதில் நடந்ததை அவரே எல்லாரிடமும் சொல்வார், அதனால் நானும் சொல்லலாம். ஒரு மீன்பிடி வள்ளம் நிறையச் சாளைக் குஞ்சு வந்து இறங்கியது. வளராத மீனைப் பிடிக்கக்கூடாது, பிடித்தால் கடலிலேயே திரும்பக் கொட்டவேண்டும் என்பது சட்டம். சார் விடவில்லை. அதே வள்ளத்தில் தானும் ஏறிப் போய்க் கொட்டவைத்தார். செத்த மீன் தண்ணீர்மேல் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. திரும்பி வந்து கரையில் கால் வைத்தவர் அங்கேயே வாந்தி எடுத்தார். மீன் விற்கும் ஸ்டெல்லா, அன்றைக்குத் தலைச்சுமை இல்லாமல் வெறும் பாத்திரத்தோடு நின்றவள், அவர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "செத்ததைக் கொண்டு கடல்ல போட்டா ஜீவன் வருமோ சாமி? எங்களுக்கும் இல்ல, கடலுக்கும் இல்ல. இது என்ன நியாயம், கேட்டோ?"

அதற்குப் பிறகு அவர் வள்ளம் வரும் நேரத்தில் போவதை விட்டுவிட்டுக் கிளம்பும் நேரத்தில் போக ஆரம்பித்தார். விடியும்முன் கோட்டையிலிருந்து ஸ்கூட்டர் கிளம்பிவிடும். "வரும்போது பிடிச்சா செத்த மீனைத்தான் பிடிக்கலாம். போகும்போது வலையைப் பாத்துட்டா உயிரோட இருக்கற மீனைப் பிடிச்ச மாதிரி" என்பார். வலையின் கண்ணி சிறிதாக இருந்தால் வள்ளத்தை நகரவிடமாட்டார். மீன் கூட்டத்தைக் கண்டால் ஒரு வலை மட்டும் இறக்கி, நாலு மீனை எடுத்து அளந்து பார்த்து, குஞ்சாக இருந்தால் மற்ற வள்ளங்களுக்குப் போனில் சொல்லிவிட வேண்டும் என்று பேசிவைத்தார்.

எதைக்கொண்டு அளப்பது என்பதில் முதலில் பெரிய தகராறு. ஆபீஸ் ஸ்கேலை யாரும் நம்பவில்லை. சார் ஒருநாள் தன் நடுவிரலை நீட்டி, புறங்கை முட்டியிலிருந்து நகநுனிவரை ஸ்கேலில் வைத்துப் பார்த்திருக்கிறார். சட்டம் சொன்ன நீளம் அச்சாக அப்படியே இருந்தது. அன்றுமுதல் மீனை எடுத்துக் கைமேல் வைத்துக் காட்டுவார். "ஸ்கேல் சர்க்காரோடது. விரல் என்னோடது. வேணும்னா சண்டை என்னோட போடுங்கோ." மீனைத் தொட்டுவிட்டு வீட்டுக்குள் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். "குளிச்சுட்டு" என்றார். கொஞ்ச நாளில் ஏலத்திலேயே அந்தப் பேச்சு வந்துவிட்டது. "சாமிவிரலு உண்டோ?" என்று கேட்டுத்தான் பெண்கள் விலை பேசுவார்கள்.

போன மழைக்காலம் முடிந்ததும் சாளை திரும்பி வந்தது. கரைக்குப் பக்கத்திலேயே கூட்டம் கூட்டமாக, எல்லாம் குஞ்சு. கோழித்தீவனக் கம்பெனி லாரிகள் சாலையோரம் வந்து நின்றுவிட்டன. அள்ளிக் கொடுத்தால் அன்றைக்கே காசு. பள்ளி முற்றத்தில் எல்லாரையும் கூட்டி, இப்போது விட்டுவிடுங்கள், வளரட்டும் என்று சார் கேட்டுக்கொண்டார். நானும் போயிருந்தேன். வள்ளக்காரர் சில்வெஸ்டர் எழுந்து நின்றார். "சாமி வீட்டில சாம்பார் வெச்சு ஊணு கழிக்கும். எங்க வீட்டில அடுப்பில என்ன வைக்க?"

சார் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான். சாம்பார் சாப்பிட்டுட்டுத்தான் வந்து பேசறேன். வளரும்னு நெனைக்கறேன், சத்தியம் பண்ண முடியாது. கடல்தண்ணி சூடானா வேற எடத்துக்குப் போயிடும். அப்போ என்னைத் திட்டுங்கோ, கேட்டுக்கறேன்." வெகுநேரம் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் சில்வெஸ்டர்தான், "ஆழக்கடல்ல வேற மீனு நோக்காம். சாமியை ஒரு தடவ நம்பிப் பாப்போம்" என்றார்.

பக்கத்துக் கரைகளில் அள்ளினார்கள், விற்றார்கள். நம் கரையில் பல வீடுகளில் கடன் ஏறியது. மத்தியானமானால் சார் ஆபீஸிலிருந்து ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, "வந்துதா?" என்பார். அந்தப் பக்கம் இல்லை என்றதும் வைத்துவிடுவார். தயிர் சாதம் பாதி அப்படியே இருக்கும். மீன் வராமல் போனால் அத்தனை குடும்பமும் அவர் ஒருவர் வார்த்தையால் பட்டினி கிடந்ததாக ஆகும். அது அவரை உள்ளுக்குள் அரித்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஏலம் போடும் இரைச்சல். நான் வாயைத் திறக்கும்முன் அவளே பேசினாள்: "மேடமா? சாளை வந்நு மேடம், எல்லா வள்ளத்திலும். நல்ல முழுத்த சாளை. காலத்தேயிருந்து சாமிய விளிக்கேன், போன் எடுக்கல்ல. மேடம் ஒண்ணு சொல்லுமோ?"

சாரின் செய்தியை அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

அக்ரஹாரத்தில் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மத்தியானம் ஸ்டெல்லாவும் சில்வெஸ்டரும் இன்னும் சிலரும் ஏலத்திலிருந்து நேராக வந்துவிட்டார்கள். உடம்பெல்லாம் மீன்வாடை. அதனால் தெருவிலேயே தயங்கி நின்றார்கள். சாரின் மனைவி ஜயா மாமி எழுந்து வாசலுக்கு வந்து, "உள்ள வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனார். ஸ்டெல்லா தலைமாட்டில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னாள்: "சாளை வந்நு சாமி. சில்வெஸ்டரண்ணன் கடன் தீர்க்கப் போவுது." பிறகு மாமியைப் பார்த்து, "நாளைக்கு நாங்க யாரு விரல்ல அளப்போம்? ஒருக்க அளவெடுத்துக்கட்டே" என்றாள். உறவுக்காரர் ஒருவர், "தொடப்படாது" என்று ஆரம்பித்தார். மாமி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தொடட்டும். அந்த விரலை அவாளுக்குத்தான் நன்னாத் தெரியும்" என்றார். ஸ்டெல்லா தன் கையை அவர் கையோடு சேர்த்து வைத்தாள். அவருடைய விரலளவு அவளுடைய முட்டிக்குக் கொஞ்சம் மேலே வரை வந்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். சில்வெஸ்டர் அளந்தார். நானும் அளந்தேன்.

என் விரல் குட்டை. அவருடைய அளவு என் புறங்கையில், பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். சந்தையில் சாளையை எடுத்துக் கைமேல் வைக்கிறேன். தழும்பைத் தொடாவிட்டால் திரும்பப் போட்டுவிடுகிறேன். இன்று தொட்டது. குழம்பு வைத்து ஆபீஸுக்குக் கொண்டுவந்தேன். எதிர் மேசையைப் பார்த்தபடி மூடியைப் பாதி திறந்து, வழக்கம்போல் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு நானே சொன்னேன், "சாளைதான் சார்."